அலமாரியில் உறங்கும் ஆய்வுகள்

இரும்பை முதல் மரக்காணத்து உப்பளக் கரை வரையுள்ள ஊர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் பட்டத்திற்காக ஆராய்ந்தாலும், அந்த ஏடுகள் தேர்வு முடிந்ததும் கல்லூரி அலமாரியில் அடங்கிவிடுகின்றன. அச்சேறாத ஆய்வு யாருக்கு உதவும்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி சி. மீனாட்சி, ஆண்டு 1936. பல்லவர் ஆட்சியையும் அக்கால மக்கள் வாழ்வையும் பற்றிய அவருடைய ஆய்வைப் பல்கலைக்கழகமே 1938-இல் நூலாக்கியது. 1940-இல், இளம் வயதிலேயே அவர் காலமானார். நூல் நின்றது.

பல்கலைக்கழக ஆய்விதழுக்கு ஏடு முழுவதையும் அனுப்ப வேண்டியதில்லை. ஒரு வினாவும் அதற்குரிய சான்றுகளும் கொண்ட கட்டுரை போதும். பாட்டனார் பெட்டியிலுள்ள உப்பளப் பத்திரமும் சான்றுதான். அதன் ஆண்டையும், அது எவரிடம் உள்ளது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். கட்டுரை திரும்பி வந்தால், மகள் படித்தது போதுமென்று முடிவு கட்டிவிடாதீர்கள்! திருத்தம் கேட்பது மறுப்பன்று. ஆய்விதழ்களின் வழக்கம் அது.