மூன்று பெயர்கள் போதும்

ஆங்கில இலக்கியம் பயிலும் தங்கள் மகள், பாடநாவலை மூன்றாம் முறையும் மூடிவிட்டு, "எனக்கு அறிவில்லை" எனக் கண்கலங்குகின்றாளா? அந்நூல் வில்லியம் ஃபாக்னர் 1929இல் வெளியிட்ட 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' எனில், குறை அவளுடையதன்று.

முதற் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி. வயது 33, மனமோ குழந்தை மனம். நேற்றும் இன்றும் அவனுக்கு ஒன்றே. ஆதலால், அவனைக் கவனித்துக்கொள்பவர் யாரெனப் பார்க்கச் சொல்லுங்கள். வெர்ஷ் எனில் அவனது சிறுபிராயம், டி.பி. எனில் இளம்பருவம், லஸ்டர் எனில் 1928. க்வென்டின் என்பது மாமனுக்கும் பெயர், மருமகளுக்கும் பெயர். (நான் இடறி விழுந்த இடம் இதுதான்!)

இன்னும் விளங்காவிடில், இறுதிப் பகுதியை முதலில் வாசிக்கட்டும். பெஞ்சியின் அழுகுரல் அங்கே வெளியிலிருந்து கேட்கும். அதன்பின் முதற் பக்கத்திற்குத் திரும்பலாம்.