முகமறியா விருந்தாளி



மலேசியாவின் கெடா மாநிலத்தில், நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் நடந்த திருமணத்திற்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தோம். எங்களை அங்கு எவரும் அறியார். மலாய் மொழியும் எங்களுக்கு வராது. ஆயினும் பந்தலுக்குள் நுழைந்ததும் ஸலாம் கிடைத்தது. அடுத்த கணமே சோற்றுத் தட்டும் கிடைத்தது. 'யார் வீட்டு ஆட்கள்?' என்று யாரும் வினவவில்லை.

அவ்விருந்தைச் சமைத்தவர்கள் அண்டை வீட்டார். முதல் நாளே கூடி, வெங்காயம் உரிப்பது முதல் இறைச்சி ஆக்குவது வரை பகிர்ந்துகொண்டனர். 'ரெவாங்' என்பது அவ்வழக்கத்தின் பெயர். விடைபெறுவோர் பணத்தை மடித்து, கைகொடுக்கும்போதே வீட்டாரின் உள்ளங்கையில் வைத்துவிடுகின்றனர். தந்தது எவ்வளவு என்பதை அருகில் நிற்பவரும் அறியார்.

அங்கும் குறையில்லாமல் இல்லை. மணமகன் தர வேண்டிய சீர்ப்பணம் பல இளைஞரைத் திணறடிக்கிறது. எனினும் விருந்தாளியை எடைபோடாத அப்பண்பு நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

நம் ஊர்களிலும் தெருவே கூடிச் சமைத்த காலம் உண்டு. இன்றோ மண்டபமும், முக்கியப் பிரமுகர்களுக்குத் தனிப் பந்தியும், பெயரும் தொகையும் எழுதும் மொய் நோட்டும் வந்துவிட்டன. செல்வரை அழைத்து ஏழையரை விட்டுவிடும் வலீமா உணவே மிகத் தீய உணவு என்னும் எச்சரிக்கை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

அடுத்த திருமணத்திற்கு அழைப்புப் பட்டியல் எழுத அமரும்போது, மொய் எழுத இயலாதவரின் பெயரை முதலில் எழுதுவோம். பந்தியின் பரக்கத் அங்கிருந்தே தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.