பதிவேட்டுக்கு முந்தைய பசி

கருத்தரித்த நான்காவது வாரத்திலேயே கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எட்டாவது வார முடிவில் அதன் அறைகளும் பெருமளவு உருவாகிவிடுகின்றன. இராஜபாளையத்து நூற்பாலைகளிலும் திருவில்லிபுத்தூர் வயல்களிலும் உழைக்கும் தலித் பெண்கள் பலர், தாம் கருவுற்றிருப்பதையே அப்போது அறிந்திருக்கமாட்டார்கள்.

1944-45இல் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களிடம், நடுவயதில் இதயத் தமனி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பசி ஒரு தலைமுறை கடந்து வந்து தாக்கியது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4இன்படி, கர்ப்பிணிக்கு உணவுரிமை வழங்குகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் தருகிறது. இவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இரண்டும் கர்ப்பம் உறுதியான பின்பே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் கருவைத் தாங்குவது தாயின் உடலில் ஏற்கெனவே இருக்கும் சத்துதான். அதுவோ பற்றாக்குறை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை.

திருமணச் செலவுக்கென்று இளம்பெண்களின் கூலியைப் பிடித்துவைத்த ‘சுமங்கலி’ முறையை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். பிடிக்கப்பட்டது பணம் மட்டுமன்று. அவளது தட்டில் விழுந்திருக்க வேண்டிய பருப்பும் முட்டையும்கூட. ஆகவே கூலி நிலுவை வழக்குகளில் விடுதியின் உணவுப் பட்டியலையும், பெண்ணின் ஒப்புதலோடு இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் ஆவணங்களாக இணைக்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.