வெள்ளை விரிப்பும் சேற்றுக் குழியும்

யுத்தக் கதைகள் படிக்கும் நண்பர்கள் சிலருக்கு விமானி என்றாலே ஒரு பொருமல். "அவனுக்கென்ன ஐயா, ராஜ வாழ்வு! வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், சுடச்சுட முட்டை. காலாட்படைக்காரன் அல்லவா சேற்றில் கிடந்தான்!" என்கிறார்கள்.

சேற்றில் கிடந்தது மெய்தான். 1944-ல் இம்பால், கோஹிமா மலைகளில் மழைநீர் தேங்கிய குழிக்குள் படுத்த சிப்பாய்க்கு, காய்ந்த காலுறை ஒன்று கிடைத்தால் அதுவே சொர்க்கம். 1943-ல் பர்மா முனையில், காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் ஒருவன் என்றால் நோயால் போனவர்கள் 120 பேர் என்று தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். இதை நான் ஏன் மறுக்கப் போகிறேன்?

ஆனால் சௌகரியத்துக்குக் கணக்கெழுத வந்தவர்கள் பாதியிலே பேனாவை மூடுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573. நூற்றுக்கு 44! ஒரு சுற்று முடிய முப்பது தாக்குதல். பாதிப் பேருக்கு மேல் அந்த முப்பதை எட்டியதே இல்லை. வாலில் தனியே குந்தியிருந்த துப்பாக்கிக்காரனுக்கு மின்சாரச் சூட்டு உடை பழுதானால் விரல்கள் விறைத்துப் போகும். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க்குக்குப் போனவற்றில் 95 விமானங்கள் திரும்பவில்லை. மறுநாள் அந்த வெள்ளை விரிப்புகள் என்ன ஆயின? செத்தவனின் சாமான்களை மூட்டை கட்டினார்கள். புதிதாக வந்த பையன் அதே கட்டிலில் படுத்தான். இந்த ராஜ வாழ்வு யாருக்கு வேண்டும்?

"இனி என்னால் முடியாது" என்று ஒருவன் சொல்லிவிட்டாலோ, மன உறுதி அற்றவன் என்று முத்திரை குத்தி, சிறகுச் சின்னத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

(அவர்கள் வீசிய குண்டில் 1943-ல் ஹாம்பர்க்கில் வெந்து மடிந்த ஜனங்களின் வழக்கு வேறு. அதை நான் மூடி மறைக்கவில்லை. அனுப்பி வைத்த பெரியவர்களிடம் கேளுங்கள்.)

அநியாயம்தான் தேடவேண்டுமென்றால், இதோ: ஒரு லங்காஸ்டர் விமானத்தில் ஏழு பேர். அவர்களில் ஆபீஸர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம், சார்ஜெண்டுகளுக்கு வேறொன்று. ஏழு பேரும் ஒன்றாக எரிந்து சாகலாம். திரும்பி வந்தால் ஒரு மேஜையில் உட்கார்ந்து அந்த முட்டையைத் தின்னக் கூடாது. நண்பர்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.