லேப்டாப்புக்கு எத்தனை ஜிபி ரேம் வாங்கலாம்?

"எதுக்கும் இருக்கட்டும், 32 ஜிபியே போட்டுடலாம்." இஎம்ஐ-ல லேப்டாப் வாங்குற பலரும் இதைத்தான் சொல்றாங்க. அந்த "எதுக்கும்"-க்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல்ல, வழக்கமான வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி எவ்வளவு போகுதுன்னு ஒரு வாரம் கவனிங்க. பிரவுசர், எக்செல், வீடியோ மீட்டிங்தான் வேலை என்றால் 16 ஜிபி தாராளம். வீடியோ எடிட்டிங், வர்ச்சுவல் மெஷின் என்றால் 32 நியாயம்.

அடுத்து, கூடுதல் ரேமுக்கு ஸ்லாட் இருக்கான்னு கேளுங்க. இருந்தா, தேவை வரும்போது கூட்டிக்கலாம். மேக்புக் மாதிரி போர்டிலேயே பதித்தது என்றால் அந்த வழி கிடையாது. வாங்கும்போதே சரியாக முடிவு செய்யணும்.

கணக்கு இதுதான். 8-லிருந்து 16-க்கு 6,000 ரூபாய் கூடுதல்னு வைங்க. 5 வருஷத்துக்கு மாசம் 100 ரூபாய், தாராளமா கொடுக்கலாம். 16-லிருந்து 32-க்கு 24,000 என்றால் மாசம் 400, வட்டி தனி.

இன்னொன்று: பிசினஸ் செய்பவர் லேப்டாப்புக்கு வருமான வரியில் தேய்மானம் கழிக்கலாம். சம்பளக்காரருக்கு அது கிடையாது. முழுசும் நம்ம கைக்காசு. தேவையில்லாத 16 ஜிபிக்குப் போற அந்த 24,000-ஐ எமர்ஜென்சி ஃபண்டில் போடுங்க.