ரெண்டாவது பிரசவம் முடிந்ததும் 'ஆபரேஷன் பண்ணிடலாமா?' - கருத்தடைக்கு வேறு என்னென்ன வழிகள் இருக்கு?

"ரெண்டாவது குழந்தைதானே... அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாமா?"

தமிழ்நாட்டில் பிரசவ வார்டுக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேள்வி வலியில் இருக்கும் பெண்ணிடம் கேட்கப்படும். பதில் பல நேரம் பக்கத்தில் நிற்கும் மாமியாரிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வரும். அந்த வீட்டு ஆணிடம், "நீங்க பண்ணிக்கிறீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை சிகிச்சை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல். ஆண்கள் கணக்கு இங்கேயும் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை.

எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. 1950-களின் இறுதியில் அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்து ஆட்களை அழைத்த முதல் மாநிலம் அன்றைய சென்னை மாகாணம். அப்போது வந்தவர்களில் ஆண்கள் நிறைய. நிலைமை தலைகீழானது 1975-77 நெருக்கடி நிலைக்குப் பிறகுதான். 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அடுத்த தேர்தலில் மக்கள் கொடுத்த அடியில், ஆண்கள் பக்கம் போகவே அரசுகள் பயந்தன. திட்டம் பெண்கள் பக்கம் திரும்பியது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

இதற்கான விலையும் பெரிது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பகுதியில் நடந்த கருத்தடை முகாம்களுக்குப் பிறகு 13 பெண்கள் உயிரிழந்தார்கள். இந்த முகாம் முறையை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபரேஷன் தப்பா?

தப்பில்லை. குழந்தை போதும் என்று உறுதியாக முடிவெடுத்தவருக்கு நல்ல வழி. சிக்கல் என்னவென்றால், இருபதுகளின் நடுவிலேயே இந்த முடிவு பெண்கள் மேல் வந்து விழுகிறது. வாழ்க்கை அப்படியே நிற்குமா?

2004 சுனாமி இதை நாகப்பட்டினம், கடலூர் கடற்கரைகளில் காட்டியது. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார்களில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சைக்கு தமிழ்நாடு அரசே இலவசமாக ஏற்பாடு செய்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, பலருக்குப் பிறக்கவில்லை. இணைக்க முடியும், ஆனால் உத்தரவாதம் இல்லை. 'வேணும்னா அப்புறம் திறந்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆண்களுக்கான தழும்பில்லா வாசக்டமி இதைவிட எளிது. கத்தி கிடையாது, தையல் கிடையாது, மரத்துப்போகும் ஊசி போட்டு சில நிமிடங்களில் முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்மை குறையும், வேலை செய்ய முடியாது என்பதெல்லாம் கட்டுக்கதை. ஹார்மோன் சுரப்பில் இது கையே வைப்பதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

ஆபரேஷனுக்கு நெருக்கமான பாதுகாப்பு, ஆனா நிரந்தரம் இல்லை

அதுதான் காப்பர் டி. பாட்டிமார்கள் இன்னும் 'லூப்' என்றே சொல்கிறார்கள். 1960-களில் வந்த பழைய சாதனத்தின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பயன்படுத்தும் 100 பெண்களில் ஓராண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷனிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். 380 ஏ வகை 10 ஆண்டுகளுக்கும், 375 வகை 5 ஆண்டுகளுக்கும் வேலை செய்யும். குழந்தை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம், கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும். பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம்.

'மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்' என்ற பயம் கிராமம், நகரம் என்ற வித்தியாசம் இல்லாமல் இருக்கிறது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. அதற்காகத் தொந்தரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் சில மாதங்கள் பீரியட்ஸ் அதிகமாகப் போகலாம், வலி கூடலாம். ஏற்கெனவே ரத்த சோகை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஊசியும் மாத்திரையும்

'அந்தரா' என்ற ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, இலவசம். பால் கொடுக்கும் தாய் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் மாத்திரை வைத்திருக்க முடியாத சூழலில் இருக்கும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. ஆனால் பீரியட்ஸ் தாறுமாறாகும், சிலருக்கு நின்றேவிடும். ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்க 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. கடைகளில் 'சஹேலி' என்று கிடைக்கும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுப்பவர்களும் எடுக்கலாம். நீர்க்கட்டி பிரச்சினை உள்ளவர்களுக்குப் பொருந்தாது.

தினமும் போடும் 'மாலா-என்' போன்ற மாத்திரைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பிபி உள்ளவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுப்பவர்கள் இதை எடுக்கக்கூடாது. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை இதன் பலனைக் குறைத்துவிடும். இதைப் பலர் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மறதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 பேரில் 7 பேர் ஓராண்டில் கருத்தரிக்கிறார்கள்.

ஆணுறையில் இந்த எண்ணிக்கை 13. ஆனால் எச்ஐவி, பால்வினை நோய்கள் இரண்டிலிருந்தும் காப்பாற்றும் வேலையை இங்கே சொன்ன எந்த முறையும் செய்யாது, ஆணுறை மட்டும்தான் செய்யும்.

அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005 முதல் இருந்தாலும், தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வைப்பதில்லை என்ற புகார் பல வருடங்களாகத் தொடர்கிறது. கடைக்காரரின் பார்வைக்குப் பயந்தே கேட்காமல் திரும்புபவர்களும் உண்டு. 5 நாட்களுக்குள் காப்பர் டி பொருத்தினாலும் கருத்தரிப்பு தடுக்கப்படும் என்பது பலருக்குத் தெரியாது.

கையெழுத்து யாருடையது?

2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். நேற்றுவரை 'போதும்', இன்று 'பெத்துக்கோங்க'. மேடைப் பேச்சு மாறினாலும் பிரசவ வார்டில் அந்தக் கேள்வி மாறவில்லை.

சட்டப்படி நிலைமை என்ன? அரசு விதிமுறைகளின்படி கருத்தடை ஆபரேஷனுக்கு கணவரின் சம்மதம் தேவையில்லை. அந்தப் பெண்ணின் கையெழுத்து போதும். வயது 22 முதல் 49க்குள், ஒரு வயதைத் தாண்டிய ஒரு குழந்தையாவது இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் ஆபரேஷனுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக வேறு எந்தச் சிகிச்சையையும் மறுக்கக்கூடாது.

இன்னொன்றும் அதே விதியில் இருக்கிறது. பிரசவ வலியில் இருக்கும்போதோ, மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ பெண்ணிடம் சம்மதம் வாங்கக்கூடாது. கர்ப்ப கால செக்கப்புக்கு வரும்போதே, எல்லா வழிகளையும் சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி அது.