ஆஃப்-கிரிட் மச்சானும் மாமி வீட்டுக் கிணறும்

போன வாரம் மச்சான் போன் பண்ணினான். (மாமி மகன். எனக்கு மூணு மாசம் மூத்தவன், ஆனாலும் வாடா போடாதான்.) மெல்பர்ன் வேலையை விட்டுட்டு ஊருக்கே போறானாம். சந்தோஷம்னு சொல்ல வாயெடுத்தேன், அடுத்த குண்டைப் போட்டான். பாறசாலைப் பக்கம் அவன் பங்குல இருக்கற பத்து சென்டை வித்து, ஒரு சின்ன மோட்டார்ஹோம் வாங்கி, காலம் பூரா அதுலயே இருக்கப் போறானாம். சோலார், பேட்டரி, தண்ணி டேங்க், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. "யாரையும் நம்பாத வாழ்க்கைடே, ஆஃப்-கிரிட்!"

வண்டியை எங்கடே நிறுத்துவேன்னு கேட்டேன். "அம்மா புரையிடத்துலதான்."

அங்கதான் எனக்குச் சுர்ருனு ஏறிச்சு.

கரண்டு இல்லாம வாழறது புதுசா கண்டுபிடிச்ச விஷயமா? 1983-ல எங்க வீட்டுக்குப் போஸ்ட் வர்ற வரைக்கும் நானும் அவனும் மண்ணெண்ணெய் விளக்குலதான் படிச்சோம். ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு க்யூ நின்னதும் நாங்கதான். அப்ப அதுக்கு ஆஃப்-கிரிட்னு பேரு இல்ல, இல்லாமைன்னு பேரு. கேரளாவுல எல்லா வீட்டுக்கும் மின்சாரம் வந்தாச்சுன்னு அறிவிச்சதே 2017 மே மாசம்தான். சுவிட்சைப் போட்டா எரியும்னு நிச்சயமா தெரிஞ்சவனுக்குத்தான் சுவிட்சை வேண்டாம்னு சொல்ல ஆசை வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். சின்ன வண்டி மேல 400 வாட் பேனல் வைக்கலாம். நல்ல வெயில்ல நாளைக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும். ஏசி ஓட்டினா ரெண்டு மணி நேரம்கூடத் தாங்காது. நம்ம ஊர்ப் புழுக்கத்துல தகர டப்பாவுக்குள்ள ஏசி இல்லாம படுத்துப் பாருங்க! அதோட நமக்கு மழை ரெண்டு தடவை. ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. வாரக்கணக்கா வானம் மூடிக் கிடக்கும்போது பேட்டரி எதுல சார்ஜ் ஆகும்? மாமி வீட்டு அடுக்களையில இருந்து இழுத்த வயர்லதான்.

இதைவிடப் பெரிசு கக்கூஸ் விஷயம். (சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க மன்னிக்க.) வண்டியில இருக்கற பெட்டி இருபது லிட்டர்தான் பிடிக்கும். ரெண்டு பேர் இருந்தா மூணு நாள். அப்புறம்? ஆஸ்திரேலியாவுல எத்தனையோ ஊர்ல டம்ப் பாயின்ட் கட்டி வச்சிருக்கான், அதையும் யாரோ கழுவி, குழாய் போட்டு, வரி வாங்கி நடத்தறான். திருவனந்தபுரம் மாவட்டத்துல 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல. நெய்யாற்றின்கரையில இருந்து களியக்காவிளை வரைக்கும் ஓட்டிப் பாருங்க, ஆளில்லாத இடம்னு ஒரு சென்ட் காட்ட முடியுமா? வீட்டுக்கு வீடு கிணறு. கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் ஏழரை மீட்டர் இடைவெளி விடணும்னு கட்டட விதி, அதுக்கே பத்து சென்ட்காரன் திண்டாடறான். இவன் பெட்டியைத் தூக்கிட்டு எந்தத் தோப்புக்குப் போவான்?

அரசாங்கமே கேரவன் திட்டம் கொண்டு வந்துச்சேங்கறான். 2021-ல வந்த கேரவன் கேரளா கொள்கையைச் சொல்றான். அது சுற்றுலாவுக்கு. வண்டியைப் பார்க்குல நிறுத்தி, அவங்க குடுக்கற தண்ணியும் கரண்டும் வாங்கிக்கணும். வாகமண்ல முதல் பார்க் திறந்ததும் அப்படித்தான். சொந்தமா வண்டியை மாத்திக் கட்டினா 52-ஆம் பிரிவு இருக்கு. 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல இ புல் ஜெட் சகோதரர்களோட வண்டியை மோட்டார் வாகனத் துறை பிடிச்சு வச்சது ஞாபகம் இருக்கா? நம்ம எல்லையில இன்னொரு கூத்து. டிஎன் 75 வண்டி கேரளாவுல 12 மாசத்துக்கு மேல இருந்தா கேஎல் 19-க்கு மாத்தணும். மாத்தறதுக்கு முகவரி கேட்பான். வீடே சக்கரத்துல இருந்தா என்ன எழுதுவ? மாமி வீட்டு நம்பரைத்தான்.

முகவரின்னா இவனுக்கு இளக்காரமா இருக்கு. 1956 நவம்பர் 1-ல விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போச்சு, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்னுச்சு. நேசமணியோட கட்சி கேட்டுப் பார்த்தும் கிடைக்கல. அதுக்கப்புறம் எங்க தாத்தா ரேஷன் கார்டுக்கும், பிள்ளைங்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும், "இங்கதான் இருக்கோம்"னு ஆபீஸ் ஆபீஸா ஏறி எழுதிக் குடுத்தவர். அவர் வாங்கின இடத்துலதான் இந்தப் பத்து சென்ட்.

ஒண்ணு ஒத்துக்கறேன். நம்ம ஆளுங்க கோடிக்கணக்குல மாடி வீடு கட்டிப் பூட்டிப் போட்டிருக்காங்களே, அதைவிட மகன் வண்டியோட வந்து அம்மா பக்கத்துல நிக்கறது ஆயிரம் மடங்கு மேல். மாமிக்கு 76 வயசு, தனியா இருக்கா. எனக்குச் சண்டை வண்டியோட இல்ல. மாமி கிணறு, மாமி கரண்டு, மாமி கக்கூஸ், மாமி வீட்டு நம்பர் எல்லாம் எடுத்துக்கிட்டு, "யாரையும் நம்பாத வாழ்க்கை"ன்னு சொல்றானே, அதோடதான்.

அவன்கிட்ட இப்படிச் சொன்னேன். 2024 பிப்ரவரியில ஆரம்பிச்ச சூரிய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிச்சாங்க. மாமி வீட்டு மாடியில அதைப் போடு, பேட்டரியும் வை, முன் ரூம்ல படு. தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்தாலும் அம்மாவும் ஃபேன் போட்டுத் தூங்குவாங்க. "நீ மாறவே மாட்டேடே"ன்னு வச்சுட்டான்.

மாமிக்குப் போட்டேன். சிரிச்சா. "வண்டியில கெடக்கட்டும் மக்களே, மழை வந்தா எனக்க கட்டிலுக்கு வருவான்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அந்தப் பத்து சென்ட்ல போட்ட மரச்சீனி இன்னும் மூணு மாசத்துல பறிக்கணும், அதுவரைக்கும் பொறுக்கச் சொல்ல முடியுமான்னு கேட்டா.

ஞாயித்துக்கிழமை இடம் பார்க்க ஆள் வருதாம். அதுக்குள்ள அவனை இன்னொரு தடவை கூப்பிடணும்.